மருந்துக்காரியின் நாற்காலி

"நான்தான் முன்னாடி போறேன். எவனும் பின்னாடி வர மாட்டேங்கிறான்," என்றார் சங்கரபாண்டி.

வாசலில் நின்றபடியே சொன்னார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

தாஹிரா ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கி, யாருடைய ஆதார் அட்டையையோ திருப்பி வைத்தாள்.

"உள்ள வாங்கண்ணே. வெயில்."

அவர் உள்ளே வந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் தாஹிரா அக்காவா?"

"ஆமா."

"என் கடைசித் தங்கச்சியைவிடச் சின்னப் பிள்ளையா இருக்கீங்க."

"ஆட்டத்துல எல்லாரும் அக்கான்னுதான் கூப்பிடுறாங்க. தலை நரைச்ச ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரும் கூப்பிடுறாரு. பழகிப்போச்சு. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே நின்றார்.

அது கம்ப்யூட்டரில் ஆடுகிற கோட்டைப் போர். வெவ்வேறு ஊர்களில் இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆடுவார்கள். கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துகொள்வார்கள். கில்டு என்பது அதற்கு ஆட்டத்தில் உள்ள பெயர். ஆடுகிறவர்கள் படை என்பார்கள்.

மழைக்கூட்டம்தான் இருப்பதிலேயே பெரிய படை. அதற்குத் தலைவி தாஹிரா. அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் கடையும் நாலைந்து கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறாள். சண்டையில் அவள் சுமார்தான். ஆட்டக்காரர்களின் தரவரிசையில் அவள் பெயரைத் தேடினால் கண் வலிக்கும்.

சங்கரபாண்டியின் பெயரைத் தேடவே வேண்டாம். எல்லாருக்கும் மேலே இருக்கும். விருதுநகரில் மோட்டார் காயில் கட்டுகிறவர். அவருடைய படைக்குப் பாண்டிப்படை என்று பெயர். பேர் கேட்டே நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

அவளிடம் எப்படி ஆட்கள் நிற்கிறார்கள், என்னிடம் ஏன் நிற்கவில்லை என்று யோசித்து யோசித்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டார்.

"இன்னிக்கு மூணு மணிக்குப் போர் அக்கா. இதுல தோத்தா மிச்சம் இருக்கிறவங்களும் போயிருவோம்னு எழுதி அனுப்பிட்டாங்க."

"போறவங்க போகட்டும்னு விட வேண்டியதுதானே?"

"கடையில என்னை எல்லாரும் 'ஏ காயில்காரரே'ன்னுதான் கூப்பிடுறாங்க. பேரே யாருக்கும் தெரியாது. அங்க ஒரு இடத்துலதான் அண்ணன், தலைவர்னு..."

நிறுத்திக்கொண்டார். சாவிக்கொத்து கீழே விழுந்தது. எடுத்தார்.

"ஏன் போறாங்கன்னு கேட்டீங்களா?"

"சொன்னாத்தானே? வாயில்லாப் பூச்சிங்கக்கா. சண்டை நடக்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. போன வாரம் கோட்டைக் கதவை நான் ஒருத்தனே உடைச்சேன். உள்ள போய்த் திரும்பிப் பார்த்தா ஒரு ஆள் இல்லை."

"மொதல்ல விழுந்தது யாரு?"

"எங்க?"

"உங்க ஆளுங்கள்ல."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னாடி இருந்தேன்."

தாஹிரா மெஷினிலிருந்து தாளை எடுத்தாள். வெளியே நின்ற அம்மாள், "ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வரணும் பாப்பா," என்றாள்.

"வந்திருச்சும்மா. பாருங்க."

சங்கரபாண்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உடனே கைக்கடிகாரத்தையும் பார்த்தார். இரண்டும் ஒரே நேரம்தான் காட்டின.

"அடிபட்டவங்களுக்கு மருந்து போடுற எங்க மருந்துக்காரனும் போயிட்டான்க்கா. வேற படையில இருந்து ஒரு நாளுக்கு ஒருத்தரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கலாம்னு விதி இருக்கு. நீங்க வாங்க. வந்து, ஆளுங்களை எப்படி நிக்க வைக்கிறீங்கங்கிற வித்தையையும் சொல்லிக் குடுங்க."

"வர்றேன். ஆனா உங்க வாளை நான் எடுத்துக்கிறேன். என் மருந்துப் பையை நீங்க எடுத்துக்கங்க."

"விளையாடுறீங்களா?"

"அதுக்குத்தானேண்ணே வந்தீங்க."

"அக்கா, என் வாள்காரன் பொங்கலுக்கப்புறம் ஒரு தடவைகூட விழுந்ததில்லை."

"இன்னிக்கும் விழாம பாத்துக்கங்க. மருந்துக்காரிக்கு அதுதான் வேலை."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் மணி ஆகிக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பக்கத்து நாற்காலிகள். அவள் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். தன் கணக்கை அவளுக்குத் திறந்துகொடுத்தார்.

"நீங்க எப்படி ஆடுவீங்களோ அப்படியே ஆடுறேன். குரல் காட்டிக்குடுத்துரும்னு மைக்கை மட்டும் மூடி எழுதிப் போடுறேன், வேற எதையும் மாத்த மாட்டேன். சண்டையில என்ன சொல்வீங்க?"

"'பின்னாடி வாங்க'ம்பேன்."

"வேற?"

"வேற என்ன சொல்ல?"

தாஹிரா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அவர் தன் முன்னால் இருந்த திரையைப் பார்த்தார். திரை முழுக்கப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு பச்சைக் கோடு.

"கோட்டை எங்க?"

"அந்த மூலையில, சின்னதா."

"எதிரி?"

"அங்கேயேதான்."

"நான் எதைப் பாத்துச் சண்டை போடுறது?"

"கோட்டையைப் பாக்காதீங்க, கோடுகளைப் பாருங்க. அடி பட்டா கோடு குறையும். பேர் மேல அழுத்தினா மருந்து போகும். தூரமாப் போனவங்க பேர் மங்கிரும். அவங்களுக்கு எட்டாது. கோடு தீந்தா பேர் கருத்துரும். அவங்க இன்னிக்கு இனி எந்திரிக்க முடியாது."

அவரும் ஹெட்போனை மாட்டினார்.

உடனே திடுக்கிட்டுக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

உள்ளே அவருடைய படைக்காரர்களின் பேச்சுச் சத்தம். கல்யாண வீட்டுப் பந்திபோல. பேசுகிறவரின் பெயர் திரையில் மின்னியது.

"அண்ணன் வந்துட்டாரா?" செல்வின் கேட்டான்.

"பேர் தெரியுது பாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஓடுவாரு." இது பூபதி.

"ஓடட்டும். நாம நடப்போம்." இது ரஞ்சிதா. சிரிப்பு கேட்டது.

"ஏ, மரியாதையாப் பேசுங்கப்பா. மழைக்கூட்டத்து அக்கா வந்திருக்காங்க. அக்கா, வாங்க. மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறோம். எங்க அண்ணனுக்குக் காது கேக்காது," என்றான் செல்வின்.

சங்கரபாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எனக்கா?" என்றார். மைக் மூடியிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"நெசக் காது நல்லாத்தான் இருக்குக்கா," என்றான் பூபதி. "எங்க சத்தத்தை அமத்தி வச்சிருக்காரு. நாங்க பேசுனா அவருக்கு வாள் பிசகுதாம். அவரு பேசுறது எங்களுக்குக் கேக்கும். நாங்க பேசுறது அவருக்குக் கேக்காது."

"கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு," என்றாள் ரஞ்சிதா. "எழுதியும் போட்டோம். அதைப் படிக்கணுமே."

அவர் அமர்த்தியதுதான். ஆட ஆரம்பித்த புதிதில், யாரோ கத்தப்போக, ஒரு வெட்டு தவறிப்போனது. அன்றைக்கே ஒலியை அமர்த்தினார். பிறகு திறக்கவில்லை. அப்படி ஒன்று அமர்த்திக் கிடக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

மணி அடித்தது. போர் தொடங்கியது.

திரையில் அவர் பெயரில் ஒரு வரி எழுதி வந்தது. பின்னாடி வாங்க.

எழுதின கையோடு அவருடைய வாள்காரன் ஓட ஆரம்பித்தான்.

"கெளம்பிட்டாரு," என்றான் பூபதி.

"அண்ணே, வலது பக்கம் வில்லுக்காரங்க. நில்லுங்க," என்றாள் ரஞ்சிதா.

"யார்கிட்ட சொல்ற நீ?"

"வாரா வாரம் சொல்லிப் பழகிருச்சு."

சங்கரபாண்டி தாஹிராவின் பக்கம் திரும்பினார்.

"நில்லுங்கக்கா. வலது பக்கம் வில்லுக்காரங்களாம்."

அவள் திரும்பவில்லை. வாள்காரன் ஓடிக்கொண்டிருந்தான்.

அவளுடைய ஹெட்போனை ஒரு காதிலிருந்து இழுத்தார்.

"என்னண்ணே?"

"நில்லு நில்லுன்னு சொல்றாங்க. கேக்கலையா?"

"ஒண்ணும் கேக்கலையே. நீங்க வச்சிருந்த மாதிரியேதான் வச்சிருக்கேன்."

ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு அவள் மறுபடி ஓடினாள்.

அவர் தன் திரைக்குத் திரும்புவதற்குள் கோடுகள் இறங்கியிருந்தன. செல்வினுக்குப் பாதிதான் இருந்தது. அழுத்தினார். ஏறியது. அதற்குள் பூபதிக்குக் கால்வாசி. அழுத்தினார். ரஞ்சிதாவுக்கு இறங்கியது. அழுத்த வேண்டிய பெயரை விட்டுவிட்டு வேறு பெயரை அழுத்தினார். காயில் கம்பியைப் பார்க்காமலே சுற்றுகிற விரல்கள், இங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"மருந்துக்கார அக்கா, கதவுகிட்ட நாலு பேரு மாட்டிக்கிட்டோம். கொஞ்சம் பாத்துக்கங்க," என்றான் செல்வின்.

அவர் தன் பெயரைத் தேடினார். மங்கிப்போயிருந்தது. கோட்டைக்கு உள்ளே, எட்டாத தூரத்தில், அதன் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது.

பொங்கலுக்கப்புறம் ஒரு தடவைகூட இல்லை.

முன்னால் ஓடிப்போனால் எட்டும். மருந்துக்காரியை நகர்த்தினார். ஓடவிட்டார். நாலு பேரையும் கதவருகில் விட்டுவிட்டுத் தன் பெயரை நோக்கி ஓடினார். மங்கின எழுத்து கொஞ்சம் தெளிய ஆரம்பித்தது.

"அக்காவும் ஓடுறாங்கடி," என்றான் பூபதி.

"அவங்களுமா?" என்றாள் ரஞ்சிதா. கோபமாகச் சொல்லவில்லை. "சரி. அப்ப அவ்வளவுதான்."

சங்கரபாண்டியின் விரல் நின்றது.

தன் பெயரைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தூரம்தான்.

திரும்பிக் கதவருகே வந்தார்.

பூபதியை அழுத்தினார். ரஞ்சிதாவை அழுத்தினார். நிமிர்ந்து பார்த்தபோது தன் பெயர் கருத்திருந்தது.

தாஹிரா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"விழுந்துட்டீங்கண்ணே," என்றாள்.

எழுந்து, கல்யாணப் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற ஒருவரிடம் போனாள். கலரா, கறுப்பு வெள்ளையா என்று கேட்டாள்.

"அண்ணன் விழுந்துட்டாரு," என்றான் செல்வின்.

"சும்மா சொல்லாத."

"பேரைப் பாரு."

"ஆமா. பாவம்யா. எவ்வளவு நாளா விழாம இருந்தாரு." பூபதி பெருமூச்சு விட்டான். "சரி, சொன்ன மாதிரி கெளம்புவோம். இதுக்கு மேல இங்க நின்னு என்ன பண்ண?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்," என்றாள் ரஞ்சிதா.

"சொல்லேன். கேக்கவா போகுது?"

அவள் சொல்லவில்லை.

பட்டியலில் ஒரு பெயர் மறைந்தது. கருக்கவில்லை, அப்படியே மறைந்தது. இன்னொன்றும் மறைந்தது.

சங்கரபாண்டி மைக்கைத் திறக்கிற பொத்தானைத் தேடினார். அவர் கணக்கில் அது எப்போதும் திறந்தே இருக்கும். இவள் கணக்கில் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. தாஹிராவைக் கூப்பிட வாயெடுத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கிடைத்ததையெல்லாம் அழுத்தினார்.

"போகாதீங்க," என்றார்.

"யாரு அது?" என்றான் செல்வின். "அக்கா குரலா இப்படி?"

"நான்தான். சங்கரபாண்டி."

"அண்ணே? நீங்க விழுந்துட்டீங்களே."

"ஆமா."

"பிறகு எங்க இருந்து பேசுறீங்க?"

அவர் திரையில் மருந்துக்காரி நிற்கிற இடத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பின்னாடி நிக்கிறேன்."

ரஞ்சிதா மெல்லக் கேட்டாள். "நாங்க பேசுறது கேக்குதாண்ணே?"

"கேக்குது."

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்து."

"போச்சு," என்றான் பூபதி.

என்ன செய்யட்டும் என்று அவர்களைக் கேட்கலாமா என்று நினைத்தார். அதற்கு வாய் வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து எதிரிகள் வரிசையாக வருவது மூலையில் சின்னதாகத் தெரிந்தது.

"அண்ணே," என்றான் செல்வின். "கேக்குதுன்னா மொதல்ல எனக்கு மருந்து போடுங்க. நான் செத்துக்கிட்டிருக்கேன்."