மீசைக்காரன் வீட்டுப் பிரசவம்

வரதப்பன் வாயத் தொறந்தா புளுகுன்னு ஊர்ல சொல்லுவாங்க. அது தப்பு. வாய மூடியிருக்கும்போதும் மனுஷன் உள்ளார அடுத்த புளுக ஊறப்போட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு. அப்பேர்ப்பட்டவருக்கே அந்த ஞாயித்துக்கிழமை காலைல, கொளத்தூர்ல தன் வீட்டு ஹால்ல நின்னப்போ ஒரு புளுகும் வாயில வரல. அவரு உசுரா வெச்சிருந்த மீன்தொட்டி அன்னிக்கு வீட்ட விட்டுப் போறதா இருந்துச்சு.

வாசல்ல அட்டைப்பெட்டியோட புது வாஷிங் மெஷின் நிக்குது. அத வைக்க வீட்டுல ஒரே எடம், பிளக்கும் கொழாயும் பக்கத்துல இருக்குற அந்த மூலை. அங்கதான் தொட்டி. அவரு சம்சாரம் குமுதவல்லி தீர்ப்பே சொல்லிட்டா.

"குஞ்சு பொரிக்கும் பொரிக்கும்னு சித்திரை போயி தை வந்தாச்சு. இன்னிக்கு ஒரே ஒரு குஞ்சக் கண்ணுல காட்டுங்க. மெஷினத் திருப்பி அனுப்பிட்டு நான் கல்லுலயே அடிச்சுத் தொவைச்சுக்கறேன். இல்லேன்னா தொட்டி போவுது."

மீன வித்த இலியாஸ் பாயையே போன் போட்டு வரச் சொல்லிட்டா. அவரு பிளாஸ்டிக் கவரும் கையுமா வந்து நிக்கிறாரு. தொட்டியத் தூக்க ஒரு கை குடுக்கலாம்னு மேல்வீட்டு தாமோதரனும் எறங்கி வந்துட்டாரு. அவருக்குக் கரண்டு ஆபீஸ்ல வேலை.

தொட்டிக்குள்ள ரெண்டு மீனு. கண்ணாடில ஒட்டிக்கிட்டு பாசியத் திங்குமே சக்கர் மீனு, அந்த ஜாதிதான். ஆனா மூஞ்சி பூரா கெளகெளயா மீசை. கடையில பிரிசில்நோஸ்ம்பாங்க. வேலை விட்டு வந்தா வரதப்பன் டிவி பாக்க மாட்டாரு, இந்த மீசையத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு.

பாய் தொட்டிக்குள்ள கைய விடப் போனாரு.

"தொடாதீங்க பாய்! உள்ள பிரசவம் நடந்திருக்கு!" வரதப்பன் குறுக்க வந்து விழுந்தாரு. "அடியில கவுத்து வெச்சிருக்கேனே, அந்தக் கொட்டாங்கச்சிக்குள்ள முட்டை இருக்கு. இந்த ஜாதியில பொம்பள முட்டை போட்டதோட சரி. ஆம்பளதான் பக்கத்துலயே படுத்து செட்டையால விசிறி விசிறிக் காப்பாத்தும்."

"அது வாஸ்தவம்தான்"னாரு பாய்.

சொன்னதுல ஒண்ணு உண்மையாப் போச்சா, போதாதா? வரதப்பனுக்கு வாய் தொறந்துக்கிச்சு.

"விசிறுன்னா சாதாரண விசிறா? போன மே மாசம் பூரா இந்த ஹால்ல ஃபேன் சுவிட்சே போடல. மீன் விசிறுன காத்துல காலண்டர் தாள் தாளாப் பிச்சுக்கிட்டுப் பறந்து, எங்க வீட்டுல மட்டும் தீபாவளி முன்னாடியே வந்துருச்சு."

"ஃபேன் ரிப்பேராகிக் கெடந்துச்சு"ன்னா குமுதவல்லி.

"யோவ் வரதா, உன் மீட்டர் ரீடிங் அந்த மாசம் ஏறித்தானய்யா இருந்துச்சு?"ன்னு தாமோதரன் மடக்குனாரு.

"ஏறாம என்ன சார் பண்ணும்? மீன் காத்துல ஃபேன் தானாச் சுத்தி, கரண்டு உண்டாகி, உங்க ஆபீசுக்கே திரும்பி வந்துச்சு. வர்ற கரண்டு எது, போற கரண்டு எதுன்னு உங்க மீட்டருக்குத் தெரியலேன்னா நான் என்ன பண்ண?"

பாய்க்குச் சிரிப்பு தாங்கல. "முட்டை எப்படிண்ணே போட வெச்சீங்க?"

"நல்லாக் கேட்டீங்க. மழை பெஞ்சு குளுந்த தண்ணி வந்தாத்தான் இது முட்டை போடும். நான் ஐஸ்தண்ணியப் பூவாளியில ஊத்தி, தகரத்த ஆட்டி இடி இடிச்சேன். மீன் நம்பிருச்சு. கஷ்டகாலம், மேகமும் நம்பிருச்சு! நம்ம தெருவுக்கு மட்டும் மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டி, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாங்க. வானிலை ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா போன் பண்ணி, 'சார், இனிமே ஐஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிருங்க, அறிக்கைய மாத்தணும்'னு கெஞ்சுது."

"மழை பெஞ்சா துணி காயாது. அதுக்குத்தான் மெஷின்"னா குமுதவல்லி. அவ கண்ணு மெஷின் பெட்டிய விட்டு நகரல.

வரதப்பன் அடுத்ததா ஏரியையே எறக்குனாரு.

"அடியே, அழுக்கு எடுக்குறதுல இதுகள மிஞ்ச மெஷினா? இதோட குஞ்சு ஒண்ணு பைப்பு வழியா மாடித் தண்ணித்தொட்டிக்கு ஏறிப் போயி, நக்குன நக்குல கறுப்புத் தொட்டி கண்ணாடித் தொட்டியாயிருச்சு! அங்க பசி அடங்காம ரெட்டேரிக்குப் போச்சு. இப்ப ஏரித் தண்ணி எப்படியிருக்கு தெரியுமா? யாரோ தொலைச்ச மூக்குத்தி அடியில கெடக்குறது கரைல நின்னாலே தெரியுது. ஆளாளுக்கு என்னுதுன்னு அடிச்சுக்கறாங்க."

"மாடித்தொட்டிய நேத்துதான் பாத்தேன். கறுப்பாத்தான் இருக்கு"ன்னாரு தாமோதரன்.

"அதான் சொல்றேனே, குஞ்சு ஏரிக்குப் போயிருச்சுன்னு! ஆளில்லாட்டி மறுபடி கறுக்காதா சார்?"

"அப்ப குஞ்சு ஏரில இருக்கு. கொட்டாங்கச்சில என்ன இருக்குன்னு பாப்போம்"னு குமுதவல்லி சடக்குனு கைய விட்டுத் தூக்கிட்டா.

உள்ள ஒண்ணுமில்ல. மீனுக்குத் தீனியாப் போட்ட ஒரு வெள்ளரித் துண்டு மட்டும் ஊறிக் கெடந்துச்சு. வரதப்பனுக்கு அழுகையே முட்டிக்கிட்டு வந்துச்சு. காத்து, மழை, ஏரியெல்லாம் புளுகுதான். ஆனா கொட்டாங்கச்சிக்குள்ள முட்டை இருக்கும்னு மட்டும் அவரு மனசார நம்பிக்கிட்டிருந்தாரு.

இலியாஸ் பாய் குனிஞ்சு ரெண்டு மீனையும் உத்துப் பாத்தாரு. சிரிப்ப அடக்க முடியாம வயித்தப் புடிச்சுக்கிட்டு சோபாவுல உக்காந்துட்டாரு.

"அண்ணே, ஜோடி நான் எடுத்துத் தர்றேன்னேன். கேக்காம, 'மீசை பெருசா இருக்குறதா ரெண்டு குடு'ன்னு நீங்களே பொறுக்குனீங்க. இதுல பொட்டைக்கு மீசையே இருக்காதுண்ணே. இது ரெண்டுமே ஆம்பள!"

வரதப்பன் கண்ணத் தொடச்சாரு. ஒரு கனைப்பு கனைச்சாரு.

"எனக்குத் தெரியாதா பாய்? இவன் மாப்பிள்ளை. அவன் மச்சான், தொணைக்கு வந்திருக்கான். பொண்ணு பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருக்கா. மொதப் பிரசவம், அங்க பாக்குறதுதானே முறை?"

"தாய்வீடா? எதுங்க அது?"ன்னா குமுதவல்லி.

"வேற எது? பாய் கடைதான்!"

தாமோதரன் கையே தட்டிட்டாரு. பாய் கூட எழுந்து கை குடுத்தாரு. ஜெயிச்சுட்டோம்னு வரதப்பன் நெஞ்ச நிமித்திக்கிட்டு சம்சாரத்தப் பாத்தாரு.

குமுதவல்லி கொட்டாங்கச்சியக் கழுவி பாய் கையில குடுத்தா.

"நல்லதாப் போச்சு. கொழந்தையப் பாக்க மாப்பிள்ளையும் மச்சானும் இப்பவே அங்க கெளம்பட்டும். பேறுகாலம் முடிஞ்சு, பொண்ணு புள்ளையோட வரட்டும், அப்ப மெஷின நகத்துறேன்." மெஷின் பெட்டியப் பிரிக்க ஆரம்பிச்சவ, திரும்பிப் பாக்காமலே சொன்னா. "பாய், இன்னும் பெரிய கவர் இருக்கா? இங்க நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறாரே மீனோட பெரியப்பா, அவரும் கூட வரேன்னாலும் வருவாரு."