அறுபது வீடுகளில் பால் காய்ச்சிய நாள்

பேய்களுக்குக் கால் இல்லை என்பது பெரும்பிழை. அவற்றுக்கு இல்லாதது வீடு. எங்கள் மாவட்டத்தில் அந்தக் குறையும் தீர்ந்தது. வசதியானவர்களுக்கு இலக்கை மீறிக் கட்டிய வீட்டுவசதி அதிகாரி வைத்தியலிங்கம், ஏழைகளின் அறுபது வீடுகளைக் காகிதத்திலேயே முடித்து, இறப்புப் பதிவேட்டிலிருந்து ஆட்களைக் குடியேற்றியிருந்தார்.

கலெக்டர் பார்வையிட வந்தார்.

"எப்படியாவது அவருக்கு வீட்டையும் ஆளையும் நீதான் காட்டணும். இல்லேன்னா வீடு கேட்ட உன் மனு குப்பைக்குத்தான்" என்று அந்த இடத்துக் காவலாளி பேச்சியம்மாளை மிரட்டினார் அதிகாரி.

அவள் கலெக்டரையும் அதிகாரியையும் பொட்டல்வெளிக்கு அழைத்துவந்து நின்றாள். "ஐயா, செருப்பைக் கழட்டுங்க. இது மாடத்தி வீட்டு வாசல்."

"எங்கேம்மா வீடு?" என்றார் கலெக்டர்.

"கட்டியாச்சுன்னு சார் எழுதியிருக்காரு. மாடத்தி செத்து ஆறு வருஷமாச்சுங்க." பிறகு உரக்க, "மாடத்தி!" என்றாள்.

காற்று நின்றது. ஆளில்லாத வெளியில், அறுபது அடுப்புகளில் பால் பொங்கும் மணம் எழுந்தது.

"புதுவீட்ல பால் காய்ச்சுறா. சார், உங்களைத்தான் கூப்பிடுறா. உள்ள போங்க."

"வீடே கட்டலை!" என்று அலறினார் வைத்தியலிங்கம்.

அந்த வாரமே அஸ்திவாரம் தோண்டினார்கள். முதல் வீடு பேச்சியம்மாளுக்கு.