மூடிய நுனி

இருதயராஜ் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துபவர். ஐம்பதை நெருங்கும்போது நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தார். அவருடைய வழிகாட்டி தெய்வநாயகி வயதில் இளையவர். ஆகவே குரு மாணவரை ‘சார்’ என்பார். மாணவர் குருவை ‘மேடம்’ என்பார்.

வேர்க்கடலையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்திருந்தார் இருதயராஜ். அதைப் படிக்கும் இயந்திரம், புரதச் சங்கிலியின் நுனியைப் பிடித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெயர் சொல்லும். மூன்று முறை வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் திரையில் வெறும் கோடு.

மறுநாள் ஆய்வுக் குழு கூடுகிறது. காட்ட எதுவும் இல்லையென்றால் ஆய்வை விட்டுவிட்டுக் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சோதனைக் குழாயைத் தொட்டியில் கவிழ்க்கப் போனார்.

“என்ன சார், தொட்டிக்குத் தீர்த்தமா?” என்றபடி தெய்வநாயகி வந்தார்.

“காலி மேடம். உள்ளே புரதமே இல்லை.”

“ஜெல்லுல புரதம் இருக்குன்னு நீலமா ஒரு பட்டை தெரிஞ்சுதே?”

“ஏதாவது அழுக்கா இருக்கும். மெஷின் பொய் சொல்லாதுல்ல?”

“குழாயை வெச்சிட்டு வாசலுக்கு வாங்க. கையுறையைக் கழற்ற வேண்டாம்.”

வாசலில் வருகைப் பதிவுக்கான கைரேகை இயந்திரம் இருந்தது.

“விரலை வைங்க.”

வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. “ப்ளீஸ் ட்ரை அகெய்ன்” என்றது இயந்திரம். அழுத்தி வைத்தார். அதே குரல்.

“பாத்தீங்களா, நீங்க இன்னிக்கு வேலைக்கே வரலை. மெஷின் பொய் சொல்லாதுல்ல?”

இருதயராஜ் உறைக்குள் இருந்த தன் விரலையே பார்த்தார்.

“நுனி மூடியிருக்கா மேடம்?”

“செல்லுக்குள்ள அதுக்குன்னே நொதிகள் இருக்கு. புரதம் உருவாகித் தலைநீட்டும்போதே நுனியில சின்னதா ஒரு மூடியைப் போட்டுடும். அப்புறம் மெஷினுக்குப் பிடி கிடைக்காது.”

“இதை நானே பிள்ளைங்களுக்கு நடத்தியிருக்கேன்.”

“அது பரீட்சைக்கு.”

இருதயராஜ் சிரிக்கவில்லை. “இப்ப என்ன செய்ய?”

“புரதத்தை நடுவில வெட்டுங்க. உள்பக்கத் துண்டுகளுக்கு மூடி கிடையாது. அதுங்களைப் படிக்கலாம்.”

“அதுக்கு வாரக்கணக்கில ஆகுமே. குழு நாளைக்கு. என் கையில இருக்கிறது மூணு தோல்வி மட்டும்தான். அவங்க முன்னாடி நின்னு என்னன்னு சொல்றது?”

“மூணு தடவையும் ‘நுனி மூடியிருக்கு’ன்னு ஒரே பதில் வந்துச்சுன்னு சொல்லுங்க.”