மாவடு ஜாடியும் ஒற்றைக் கழுமரமும்

மலைச்சீமைன்னு ஒரு நாடு இருந்துச்சு ஒரு காலத்துல. அதை ஆண்டவன் உதயகண்ட ராசா. காலையில எந்தப் பக்கம் புரண்டு எழுந்தானோ, அதுதான் அன்னைக்கு நாட்டுக்குச் சட்டம்.

கடற்கரைச் சீமை ராசா தன் மகள் கல்யாணத்துல இவனுக்கு ரெண்டாவது வரிசையில பாய் போட்டுட்டானாம். அதுக்கு ஒரு சண்டை. போன படையில பாதி திரும்பல. ஏன் தோத்தோம்னு யாரும் கேக்குறதுக்குள்ள காவல் தளபதி வேங்கைநாதன் முந்திக்கிட்டான்.

"நாம தோக்கல மகாராசா. உள்ளே இருக்கிற உளவாளிங்க காட்டிக் கொடுத்துட்டாங்க."

ராசாவுக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. "யாரு அவங்க?"

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நம்ம மலையில உப்பு விளையாது. கடற்கரைச் சீமை உப்பைத் தின்னவன் அந்தச் சீமைக்குத்தான் விசுவாசமா இருப்பான். எவன் வீட்டுல அந்த உப்பு இருக்கோ, அவன் உளவாளி."

சபையில இருந்த அத்தனை பேரும் அதே உப்புப் போட்ட சோத்தைத் தின்னுட்டு வந்தவங்கதான். ஒருத்தன் வாயைத் திறக்கணுமே. தலையாட்டி பொம்மை தோத்துச்சு. அமைச்சர் செவ்வந்தியப்பர்கூட அன்னைக்குத் தூணைப் பார்த்துக்கிட்டு நின்னார்.

கணவாயில காவலுக்கு நின்ன ஆட்களை எல்லாம் தளபதி ஊருக்குள்ள இழுத்தான். அவங்க ஏழைபாழை வீட்டு அடுப்படியில புகுந்து சட்டிபானையை நக்கிப் பார்த்தாங்க. உப்புக் கரிச்சா விலங்கு. காவல் இல்லாத கணவாய் வழியா எதிரி வந்து மந்தை மந்தையா ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போனான். ஆடு எங்கேன்னு கேட்டவனும் உளவாளி ஆனான்.

பொதிமாட்டுல உப்பு ஏத்தி வந்து விக்கிற மாசானம் கையில கிடைச்சதும் தளபதிக்குக் கொண்டாட்டம். 'உளவாளித் தலைவனைப் பிடிச்சாச்சு'ன்னு தமுக்கு அடிச்சான். கடைவீதியில கழுமரமும் நட்டாச்சு.

மாசானம் பெண்சாதி வெயிலுகந்தாள் அமைச்சர் வாசல்ல வந்து விழுந்தா. "சாமி, அரண்மனை மடைப்பள்ளிக்கு உப்புக் கொண்டாந்து போட்டதே நாங்கதான். அவரு உப்பைத் தவிர ஒண்ணையும் சுமந்ததில்லை. காலை ஒடிச்சு 'ஆமா'ன்னு சொல்ல வச்சுட்டாங்க. நாளைச் சாயங்காலம் கழுவேத்தப் போறாங்க சாமி."

செவ்வந்தியப்பருக்கு அன்னைக்குச் சோறு இறங்கல. நாமளும் உப்புப் போட்டுத்தானே தின்னோம்னு அப்பத்தான் அவருக்கு ரோஷம் வந்துச்சு. தூணைப் பார்த்து நின்னதை நினைச்சு வெட்கப்பட்டார்.

மறுநாள் காலையில சபைக்கு வந்து ஒரு கும்பிடு போட்டார். "மகாராசா, தளபதி கொண்டுவந்த சட்டம் மாதிரி ஒரு சட்டம் எந்த நாட்டுலயும் இல்லை. ஆனா பெரிய வீடுகளுக்கு விலக்கு உண்டுன்னு ஊருல பேச்சு. நான் நம்பல."

"விலக்கா?" ராசா மீசையை முறுக்கினான். "என்னைப் பெத்த தாய்க்கும் விலக்குக் கிடையாது. என் வாள்மேல ஆணை."

"அது போதும் மகாராசா."

மத்தியானம் பந்தி. ராசா பக்கத்துல தளபதி. முதல் கவளத்தை வாயில வச்ச ராசா துப்பினான். பருப்புல உப்பில்லை. பொரியல்லயும் இல்லை. ரசம் வெறும் வெந்நீர்.

"உப்பு எங்கேய்யா?"

"சிறையில இருக்கு மகாராசா," என்றார் அமைச்சர். "மடைப்பள்ளிப் பானையில இருந்தது எதிரி உப்பு. முத்திரை வச்சுப் பூட்டியாச்சு. சட்டம் பாருங்க."

ராசாவுக்குக் கண் சிவந்துச்சு. அமைச்சரை ஓரங்கட்ட இதுதான் சமயம்னு தளபதிக்குத் தோணுச்சு. "மகாராசா பசி தாங்கமாட்டார்னு இவருக்குத் தெரியல. என் வீட்டுல போன வருஷத்து மாவடு ஒரு ஜாடி இருக்கு. இதோ கொண்டாரச் சொல்றேன்."

ஜாடி வந்துச்சு. ராசா ஒரு மாவடுவைக் கடிச்சான். முகம் மலர்ந்துச்சு. "வேங்கைநாதா, நீதான்யா விசுவாசி." ரெண்டாவதையும் எடுத்துக் கடிச்சான்.

செவ்வந்தியப்பர் மெதுவா கேட்டார். "தளபதியாரே, மாவடு நம்ம மலையில காய்ச்சது. அது ஊறியிருக்கிற உப்பு எந்த ஊருது?"

தளபதி ஜாடியைத் தன் பக்கம் இழுத்தான். ராசா கடிச்ச வாயை மூடல.

"எனக்கு ஒரு சிக்கல்," என்றார் அமைச்சர். "ஊற வச்சவர் ஒருத்தர், தின்னவர் ஒருத்தர். விலக்குக் கிடையாதுன்னு வாள்மேல ஆணை வேற இருக்கு. கடைவீதியில கழு ஒண்ணுதான் நட்டிருக்கு. யாரை முதல்ல ஏத்தட்டும்?"

ராசா அமைச்சரைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான், கடைசியில தளபதியைப் பார்த்தான்.

"கழுவைப் பிடுங்குங்க," என்றான். "சிறையைத் திறங்க. இவன் தலையில உப்புக் கூடையை ஏத்துங்க. தெருத்தெருவா 'உப்போ உப்பு'ன்னு கூவி விக்கட்டும். எவன் வீட்டுச் சட்டியை நக்கினானோ அவன் வீட்டுக்கு முதல்ல போகட்டும்."

அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினான். மாசானத்தை ரெண்டு பேர் தாங்கிக் கொண்டாந்தாங்க, பின்னாடியே வெயிலுகந்தாளும் வந்தா. ராசா ஒரு தட்டு நிறையப் பொன்னை நீட்டினான். வெயிலுகந்தாள் அதைத் தொடல.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சட்டம் போட்டீங்களே ராசா," என்றாள். "உங்க அரண்மனைக்கு இத்தனை வருஷமா உப்பிட்டது நாங்க. உள்ளளவும் வேண்டாம், ஒரு நாள் எங்களை நினைச்சிருந்தா இவரு காலு போயிருக்காது."

ராசா எச்சில் இலையைப் பார்த்துக்கிட்டே இருந்தான்.

அடுத்த மாசமே சமாதானம் பேசிச் சண்டையை நிறுத்தினான். ராசாவுக்குப் புத்தி வந்துடுச்சான்னு கேக்காதீங்க. நாக்குக்கு உப்பு வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான். மாசானம் மட்டும் கடைசி வரைக்கும் தடி ஊன்றித்தான் நடந்தான்.