பாடசாலைத் தண்ணீர்ப் பானை

திருமேனி ஓதுவாரின் தேவாரப் பாடசாலையில் சின்ன வயதிலிருந்து படித்தவன் வன்மீகநாதன். பண்ணெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடுத்த ஊரில் புதுப் பாடசாலை திறக்கப் போகிறோம், ஆசிரியராக அவனே போகட்டும் என்று மடத்தில் சொல்லிவிட்டார்கள்.

போகும் முன் பழகிக்கொள்ளட்டும் என்று ஓதுவார் அவனை ஒருநாள் பாடம் எடுக்கச் சொன்னார். ஏகாம்பரம் என்ற பொடியன் ஒரே அடியைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் பாடினான். வன்மீகநாதன் தன் தொடையில் ஓங்கித் தட்டி ஒரு கத்துக் கத்தினான். அன்று வாயை மூடிய பையன்தான், அப்புறம் திறக்கவே இல்லை.

வன்மீகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. ஓதுவாரிடம் வந்து நின்றான்.

"நான் போகலைங்க ஐயா. எனக்குப் பாட்டு வரும், பொறுமை வராது. போற இடத்துல எத்தனை குழந்தைங்க வாயை மூடுவேனோ. உங்களுக்குப் பொறுமை பிறவியிலேயே அமைஞ்சது. சொல்லிக்கொடுத்தா வருமா அது?"

"பாடத்துக்கு நேரமாச்சு. இன்னைக்கு மூலையில, தண்ணிப் பானைக்குப் பக்கத்துல உட்காரு" என்றார் ஓதுவார்.

ஐயாவுக்குத் தொண்டை சீக்கிரம் வறண்டுவிடும் என்பது பாடசாலை முழுக்கத் தெரிந்த சங்கதி. பாடத்தின் நடுவே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அவர் குடிக்கும்போது திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று பிள்ளைகளாகவே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்.

ஓதுவார் ஏகாம்பரத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அடியைப் பாடினார். பையன் வெகுநேரம் தயங்கி, முனகலாகப் பாடினான். தப்பு. இன்னொரு தரம். அதே இடத்தில் அதே தப்பு.

"இருப்பா, தண்ணி குடிச்சிட்டு வரேன்."

ஓதுவாரின் அந்த நேரத்து முகத்தை வன்மீகநாதன் முதல்தடவையாகப் பக்கத்தில் பார்த்தான். சிவந்திருந்தது. மூக்கு விடைத்திருந்தது. ஓதுவார் பானைக்குள் குனிந்து, "மரமண்டை! கூறுகெட்ட கழுதை! காதை அடகு வச்சுட்டியாடா?" என்று பல்லைக் கடித்தபடி அடிக்குரலில் திட்டினார். பிறகு ஒரு குவளை மொண்டு மடமடவென்று குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"எங்கே விட்டோம் கண்ணு? மெதுவா, இன்னொரு தரம்."

இன்னும் இரண்டு குவளை தண்ணீர் செலவானது. அதற்குள் பையனின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி, அந்த இடம் சரியாக வந்து விழுந்தது. அவனுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

பிள்ளைகள் கலைந்ததும் வன்மீகநாதன் எழுந்து வந்தான். நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியிருந்தது.

"ஐயாவுக்கும் கோபம் வருமா?"

"வராமலா இத்தனை தண்ணி குடிக்கிறேன்?"

"தொண்டை வறட்சின்னுல்ல நினைச்சோம்!"

"தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஊர்ப் பாடசாலையில கிணறு இருக்குல்ல?"

"இருக்குங்க."

"அப்ப கிளம்பு."

விழுந்து கும்பிட்டு எழுந்தவன், வாசல்வரை போய்த் திரும்பினான்.

"இதை உங்களுக்கு யாருங்க ஐயா சொல்லிக்கொடுத்தது?"

"நீ படிச்ச காலத்துல இந்தப் பானையை யார் ரொப்புவா?"

"நான்தாங்க. மத்தியானத்துக்குள்ள காலியாயிடும். ஐயாவுக்குத் தாகமாச்சேன்னு ஓடி ஓடி இறைச்சு ஊத்துவேன்."

"ஆமா. ரொப்பினதும் நீதான், காலி பண்ணினதும் நீதான்."