தட்டில் வைக்கப் பாக்கில்லாத நாடு

வாய் சிவக்க வெற்றிலை போடுகிறவர்களும் போடாதவர்களும் இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் வெகு காலம் முன்பு, ஓர் ஆற்றின் இரு கரைகளில் இரண்டு நாடுகள் இருந்தன. இக்கரையில் கொடிக்கால் நாடு. அங்கே வெற்றிலை விளைந்தது. அக்கரையில் கமுகு நாடு. அங்கே பாக்கு விளைந்தது. இலை அங்கே போகும், பாக்கு இங்கே வரும். இரு நாட்டாரும் மென்றுகொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

இரண்டு நாட்டிலும் அரசன் கிடையாது. மக்களே தலைவரை வைத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தலைவர் முன்னால் பெரிய தாம்பாளம் ஒன்றை வைப்பார்கள். அவரே இருக்கட்டும் என்கிறவர்கள் வெற்றிலையும் பாக்கும் சேர்த்து அதில் வைக்க வேண்டும். வேண்டாம் என்கிறவர்கள் சும்மா கும்பிட்டுவிட்டுப் போகலாம். பாக்கில்லாத வெற்றிலை கணக்கில் சேராது. வெற்றிலையில்லாத பாக்கும் சேராது. பாதி வீட்டுக்காரர்களாவது வைத்தால்தான் அவர் தலைவர். இல்லாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கொடிக்கால் நாட்டுத் தலைவர் பெயர் வீரணர். நல்ல மனிதர். கோபம் மட்டும் மூக்கின் மேல் இருக்கும்.

ஒருநாள் ஒரு கல்யாண வீட்டில் அவருக்குக் கொடுத்த தாம்பூலத்தில் ஒரு பாக்கு சொத்தை. கடித்தார், துப்பினார், எழுந்தார். "நம்ம இலைய வாங்கிக்கிட்டு நமக்கே சொத்தைப் பாக்கா? இனிமே ஆத்தத் தாண்டி வர்ற பாக்குல நாலுல ஒரு பங்கு சுங்கம். கமுகு நாட்டுக்காரன் கட்டட்டும்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. எல்லாரையும்விட உரக்கக் குலவை போட்டவள் நல்லக்காள். அவள் ஒரு கொடிக்கால்காரி. வரிசையாக அகத்தி நட்டு, அதில் வெற்றிலைக் கொடி ஏற்றி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, தன் கையாலேயே ஒரு கொடிக்காலை உண்டாக்கியவள். அதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பில்லை. இருந்தாலும் அன்றைக்கு அவளுக்குத் தன் இலை நினைவுக்கு வரவில்லை. அக்கரைக்காரர்களுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

அக்கரைத் தலைவர் மட்டும் சும்மா இருப்பாரா? தம் நாட்டுக்கு வரும் வெற்றிலையில் நாலில் ஒரு பங்கு சுங்கம் என்றார். வீரணர் பாதி என்றார். அவரும் பாதி என்றார். நல்லக்காள் இப்போதும் குலவை போட்டாள், ஆனால் சத்தம் குறைவு. வீரணர் நாலில் மூன்று என்றார். அவரும் நாலில் மூன்று என்றார். நல்லக்காளுக்கு இந்தத் தடவை வாய் திறக்கவில்லை.

வியாபாரிகள் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். இலை வாங்க ஆளில்லை. வெற்றிலையைக் காலத்தில் கிள்ளாவிட்டால் கொடி கெட்டுப்போகும். கிள்ளினால் இலை அழுகிப்போகும். நல்லக்காள் கிள்ளிக் கிள்ளி ஆட்டுக்குப் போட்டாள். வெற்றிலை தின்று பழகிய ஆடுகள் அவளைக் கண்டாலே துள்ளின. அவளுக்கோ வயிறு எரிந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் கொடியைப் பிடுங்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சுங்கமாக வந்த பாக்கெல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். சுங்கம் வாங்கக் காவலர்கள் வேண்டுமல்லவா? காவலர்களைக் கண்காணிக்க இன்னும் சில காவலர்கள் வேண்டுமல்லவா? வந்ததையெல்லாம் அவர்களே மென்று தீர்த்தார்கள். நாடு முழுவதிலும் அவர்கள் வாய் மட்டும்தான் சிவந்திருந்தது.

இந்த நேரத்தில் தாம்பாளம் வைக்கும் நாள் நெருங்கியது. வீரணருக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் ஓடிவந்தார்கள். "ஐயா, சனங்க கையில வெத்தலை இருக்கு. பாக்கு இல்ல. உங்களுக்கு வைக்கணும்னு நெனைக்கிறவங்ககூட வைக்க முடியாது."

வீரணர் விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். முதலில் குலவை போட்டவள் தம் பக்கம்தானே என்று நல்லக்காளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, நாலு கூடை இலை எடுத்துக்கிட்டு அக்கரைக்குப் போ. நாலு கூடை பாக்கா மாத்திக்கிட்டு வா. நீ பாதி வச்சுக்க, மீதிய ஊருக்குக் குடு."

ஆட்டுக்குப் போடுகிற இலைதானே என்று நல்லக்காள் ஒரு பரிசலில் கிளம்பினாள். அக்கரைச் சுங்கச் சாவடியில் நாலு கூடையில் மூன்றை இறக்கிக்கொண்டார்கள். மிஞ்சிய ஒரு கூடையோடு பூவாயி என்ற தோப்புக்காரி வீட்டுக்குப் போனாள். பூவாயி இலையைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பரண் நிறையப் பாக்குக் கெடக்கு தாயி. எலி உருட்டி வெளையாடுது. வாங்க நாதியில்ல. போதாததுக்கு எங்க தலைவருக்கும் தாம்பாளம் வைக்கிற நாள் வருது. வெத்தலைக்கு எங்க போறது?" என்றவள், ஒரு கூடை இலைக்கு ஒரு கூடை பாக்கை அளந்து கொடுத்தாள்.

திரும்பி வந்தால் சொந்தச் சாவடி. தலைவரே அனுப்பினாலும் சுங்கம் சுங்கம்தான் என்று காவலர்கள் அந்தக் கூடையிலும் முக்கால் பங்கை அள்ளிக்கொண்டார்கள். கால் கூடைப் பாக்கை நல்லக்காள் வீரணர் முன்னால் சபையில் வைத்தாள்.

"இவ்வளவுதானா? மீதி எங்க?" என்றார் வீரணர்.

நல்லக்காளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "அவங்க கரையில மூணு கூடை இலை. நம்ம கரையில முக்கால் கூடை பாக்கு. ரெண்டும் என் தலையிலேருந்துதான் எறங்குச்சு ஐயா. கமுகு நாட்டுக்காரன் கட்டுவான்னு நீங்க சொன்னீங்க. நானும் நம்பிச் சந்தோசப்பட்டேன். கட்டுனவ நான். அங்க கட்டுறவ பூவாயி."

வீரணர் அந்தக் கூடையை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு, "சுங்கத்த எடுத்துடலாம். ஆனா முதல்ல அக்கரைத் தலைவன் எடுக்கட்டும்" என்றார்.

ஆமாம், முதலில் அவன் எடுக்கட்டும் என்றார்கள் சபையோர்.

நல்லக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம வீட்டு விசேசத்துக்கு நாமதான முதல்ல தாம்பூலம் நீட்டிக் கூப்பிடுறோம்? நீட்டுனவன் தாழ்ந்து போயிட்டான்னு என்னைக்காச்சும் யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

வீரணர் முதலில் முறைத்தார். பிறகு மீசையைத் தடவினார். பிறகு சிரித்துவிட்டார். அன்றைக்கே சாவடியின் மூங்கில் தடுப்பு கழன்றது. அக்கரையில் பூவாயியும் மற்றவர்களும் தங்கள் தலைவரை விடுவார்களா? அதே வாரத்தில் அங்கேயும் தடுப்பு கழன்றது. கவிழ்ந்த படகுகள் நிமிர்ந்தன. நல்லக்காளின் இலை பச்சை மாறாமல் ஆற்றைத் தாண்டியது. ஆடுகளுக்குத்தான் வருத்தம்.

தாம்பாளம் வைக்கும் நாள் வந்தது. வரிசையில் முதல் ஆளாக நல்லக்காள் நின்றாள். வெற்றிலையும் பாக்கும் கையில் இருந்தன. ஆனால் அவள் வைக்கவில்லை.

"ஐயா, இனிமே ஒரு சுங்கம் போடுறதுன்னா, அதை யாரு கட்டப்போறான்னு எங்ககிட்டக் கேட்டுட்டுப் போடுவீங்களா?"

"கேட்டுட்டுத்தான் போடுவேன்" என்றார் வீரணர்.

அவள் வைத்துவிட்டு நகர்ந்தாள். அடுத்தவரும் வைக்காமல் நின்று அதையே கேட்டார். அதற்கடுத்தவரும் கேட்டார். எப்போதும் உச்சிவேளைக்குள் முடிந்துவிடும் சடங்கு, அன்று விளக்கேற்றும் நேரம்வரை நீண்டது. ஒவ்வொரு முறையும் வீரணர் பதில் சொன்னார். தாம்பாளம் நிறைந்தது, தலைவர் தலைவராகவே இருந்தார். தொண்டைதான் கட்டிப்போயிற்று.

இதனால் அறிய வேண்டியது, அயலானைத் தண்டிக்கப் போடும் சுங்கத்தைக் கட்டுகிறவன் நம் ஊர் உழவனே என்பதால், ஆரவாரம் செய்வதற்கு முன்னால் அது யார் தலையில் இறங்கும் என்று தலைவனைக் கேட்பதே குடிமக்களுக்கு அழகு.