கரைக்கு அப்பால் ஒரு சலசலப்பு

கோடைமழையில் பாதி நிறைந்த குளம் அது. மாரக்கா என்ற தவளைக்கு அந்தக் குளத்தில் முந்நூறு தலைப்பிரட்டைகள். பிள்ளைகளுக்குக் கால் முளைக்க இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரை குளத்தில் தண்ணீர் நிற்குமா? அந்தக் கவலையில் மாரக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

அவள் தூங்குவது பகலில்தான். பகலிலோ ஆள்காட்டிக் குருவி கரைமேல் நின்று கத்தியது. நரி வந்தால் கத்தும். பாம்பு வந்தால் கத்தும். மேகத்தின் நிழலைக் கண்டும் கத்தும்!

கொக்கு இதையெல்லாம் ஒற்றைக்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மாரக்கா, கண்ணு சிவந்து கிடக்கு?"

"தூங்கி நாலு நாளாச்சு அண்ணே!"

"ஓடுற தண்ணிச் சத்தம் கேட்டா எப்பேர்ப்பட்ட கவலையும் பறந்துடும். நான் ஏற்பாடு பண்றேன். இதுகூடச் செய்யாட்டி நான் என்ன அண்ணன்?"

மறுநாள் கரைக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது. சலசல, சலசல. கல்லின்மேல் தண்ணீர் விழும் சத்தம். என்ன சுகம்! கெண்டை மீன்கள் செவுளை மெல்ல அசைத்தபடி கிறங்கின. மாரக்கா கண்ணை மூடினாள். பிள்ளைகளைக்கூட மறந்தாள்.

"அது எந்தத் தண்ணி? எங்கேருந்து விழுது? யாராவது போய்ப் பாருங்க!" என்று கத்தியது குருவி.

"வந்துட்டாய்யா கலகக்காரி! நாலு பேர் நிம்மதியாத் தூங்கினா இவளுக்குப் பொறுக்காதே!" என்று கெண்டைகள் சிரித்தன.

மாரக்காவும் சேர்ந்துகொண்டாள். "உனக்குப் புண்ணியமாப் போகும், வேற கரை பாரு தாயே!"

குருவி அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு பறந்துவிட்டது. இரு என்று ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாரக்கா கொக்கைக் கூப்பிட்டாள். "அண்ணே, சத்தம் பழகிப்போச்சு. இன்னும் கொஞ்சம் கூட்டுங்களேன்!"

"நீ கேட்டு நான் மறுப்பேனா?" என்றது கொக்கு.

சத்தம் கூடியது. தூக்கமும் கூடியது.

ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் மாரக்காவின் முதுகு சுட்டது. விழித்தாள். தண்ணீருக்குள் இறங்கக் காலை நீட்டினாள். கால் சேற்றில் பட்டது. சேறும் வெடித்திருந்தது!

தண்ணீர் எங்கே? பிள்ளைகள் எங்கே?

வெடித்த சேற்றில் கடுகைக் கொட்டியதுபோல் கரும்புள்ளிகள். ஒன்றும் அசையவில்லை. கரையோரப் பள்ளத்தில் மட்டும் சிறு குட்டை மிஞ்சியிருந்தது. அதில் கொஞ்சம் பிள்ளைகள் நெளிந்தன. பக்கத்தில் கெண்டைகள் முதுகு வெளியே தெரிய, திறந்த கண்ணோடு தூங்கிக் கிடந்தன.

"எழுந்திருங்க!" என்று அலறினாள். ஒருவரும் அசையவில்லை. சலசல, சலசல என்று சத்தம் மட்டும் குறையாமல் வந்தது.

சத்தம் வந்த திசையில் தாவினாள். கரையின் அடியில் ஓர் ஓட்டை. குட்டைத் தண்ணீர் அதற்குள் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. நண்டு ஒன்று இரு கொடுக்காலும் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! என்னடா பண்றே?"

நண்டு நிமிர்ந்து பார்த்தது. "நீதானே அக்கா கூட்டச் சொன்னே! கொக்கு அண்ணன் சொன்னாரே!"

மாரக்கா ஓட்டையை உற்றுப் பார்த்தாள். ஐந்து நாளும் தன்னைத் தாலாட்டியது தன் பிள்ளைகளின் தண்ணீரா! அதுவும் அவளே கேட்டுக் கூட்டிய சத்தமா! நண்டை உதைத்துத் தள்ளினாள். உடம்பையே ஓட்டைக்குள் திணித்து அடைத்தாள்.

சத்தம் நின்றது.

மறுகணமே கெண்டைகள் விழித்தன. "யாரது நிறுத்தினது? ஏ மாரக்கா, உனக்கும் அந்தக் குருவிப் புத்தி வந்துடுச்சா? விலகுடி! தூங்கவிடு!"

"தண்ணியைப் பாருங்கடா! சுத்திப் பாருங்க!"

கெண்டைகள் திரும்பி நீந்தப் பார்த்தன. நீந்த இடமில்லை. வாலால் சேற்றைத்தான் அடித்தன. அப்போதுதான் கொக்கு மடக்கி வைத்திருந்த இன்னொரு காலையும் கீழே ஊன்றி, கெண்டைகளை நோக்கி நடந்தது.

மாரக்கா ஓட்டையை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் மிஞ்சிய பிள்ளைகளும் போய்விடும். கழுத்தைத் திருப்பிக் கரைமேல் பார்த்தாள். அங்கே கத்துவதற்கு யாரும் இல்லை.

தம்மைத் தூங்க வைக்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேளாமல், கேட்டவரையும் விரட்டியவர், தம் சொத்து பறிபோகும் ஓசையையே தாலாட்டாக எண்ணிக் கெட்டுப்போவார்.